அய்யா பெட்டி (குடும்பக் குழு)

திருமங்கலம் அத்தை: அய்யாவோட டிரங்குப் பெட்டியத் திறந்தாச்சு. நட்சத்திர மெடல் ஒண்ணு, வட்ட மெடல் ஒண்ணு, ஜப்பான் ரூபா நோட்டு மூணு, பட்டாளத்துல இருந்து விடுவிச்சப்ப குடுத்த டிஸ்சார்ஜ் புக்கு. நட்சத்திரம் கருத்துக் கெடக்கு. புளி போட்டுத் தேய்ச்சிட்டு போட்டோ அனுப்புறேன்.

மேலூர் சித்தப்பா: அக்கா, புளி வேணாம்க்கா! அது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்புல துத்தநாகம் அரிச்சுப் போயி செவப்புத் திட்டு விழும், அப்புறம் மாறாது. அதவிட, இந்தியப் படைக்குக் குடுத்த மெடல்ல நம்பரும் பேரும் குத்தியிருப்பாங்க. நட்சத்திரத்துக்குப் பின்பக்கம், வட்டத்துக்கு விளிம்புல. ஆழம் ரொம்பக் கம்மி. தேய்ச்சா மொதல்ல போறது அதுதான்.

மேலூர் சித்தப்பா: காஞ்ச மெல்லிசு பிரஷ் போதும். ரிப்பனையும் நனைக்காத, சாயம் ஓடிரும்.

நான்: ரிப்பன் என்ன கலரு அத்தை?

திருமங்கலம் அத்தை: நடுவுல செவப்பு, அதுக்கு ரெண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்கு நடுவுல ஆரஞ்சுக் கோடு மருமகனே.

பேரையூர் அண்ணன்: பர்மா ஸ்டார்தான், ரெண்டாம் உலகப்போர்ல பர்மா சண்டைக்காகக் குடுத்த மெடல். வட்டமா இருக்கிறது வார் மெடலா இருக்கும். ஒரு பக்கம் சிங்கம் ரெண்டு தலை டிராகன் மேல நிக்குதான்னு பாருங்க.

திருமங்கலம் அத்தை: ஆமா, நிக்குது.

நான்: தாத்தா பர்மாவுல இருந்து நடந்தே வந்தாருன்னுல்ல சொல்லுவாங்க? பட்டாளத்துக்காரரா, அகதியா?

மேலூர் சித்தப்பா: ரெண்டுமா இருக்கலாம்டா. ரங்கூன்ல குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஊரு ஜப்பான்காரன் கைக்குப் போனது 1942 மார்ச். மே மாச மழைக்கு முன்னாடி நடந்து வந்து சேர்ந்து, அப்புறம் பட்டாளத்துல சேர்ந்திருக்கலாம். மெடல வச்சு மட்டும் முடிவு பண்ணாத. பர்மாவுக்குள்ள போகாம அசாம், வங்காளத்துல சில பகுதிகள்ல வேலை பாத்தவங்களுக்கும் அந்த ஸ்டார் உண்டு.

திருமங்கலம் அத்தை: பர்மா எல்லையில தாமுவுல மலை ஏறி, மணிப்பூர் ரோட்டுல ரயிலப் புடிச்சோம்பாரு அய்யா. ரோட்டுல ஏது ரயிலுன்னு எல்லாரும் கேப்பாங்க.

பேரையூர் அண்ணன்: அத்தை, ஸ்டேஷன் பேரே மணிப்பூர் ரோடு! திமாப்பூர் ஸ்டேஷனுக்கு அப்ப அதான் பேரு. இம்பால்ல இருந்து சுமார் 130 மைல். தாமு, பலேல், இம்பால், திமாப்பூர்னு அகதிங்க வந்த வழி அது. தாத்தா சொன்னது சுத்தமாப் பொருந்துது.

மேலூர் சித்தப்பா: பொருந்துது, ஆனா 1944ல இம்பாலுக்குப் போன பட்டாளமும் அந்த ஸ்டேஷன்லதான் எறங்குச்சு. பின்வாங்கி வந்த படையும் தாமு வழியாத்தான் நடந்துச்சு. அதனால சேர்ந்த தேதிதான் பேசணும். நோட்டுல என்ன எழுத்துக்கா?

திருமங்கலம் அத்தை: மூணுலயும் பி-ன்னு ஆரம்பிக்குது. ரூபாய்.

பேரையூர் அண்ணன்: ஜப்பான்காரன் பர்மாவுக்குன்னு அடிச்ச நோட்டு. மலேயாவுக்கு அடிச்சதுன்னா எம், டாலர்னு இருக்கும். 1942 ஆரம்பத்துல கெளம்பி நடந்தவரு கையில இது இருக்க வாய்ப்பு கம்மி. 1945ல படையோட உள்ள போனப்ப எடுத்து வச்சிருப்பாரு. லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க அத்தை, சூட்டுல ஒட்டுனா பிரிக்கவே முடியாது.

மேலூர் சித்தப்பா: அக்கா, ரூம் லைட்ட அணைச்சிட்டு செல்போன் டார்ச்ச மெடலுக்குப் பக்கவாட்டுல, கிட்டத்தட்ட படுக்க வச்சுப் புடி. நேரா அடிச்சா எழுத்து மறைஞ்சிரும். நாலு பக்கத்துல இருந்தும் ஒவ்வொரு போட்டோ. விளிம்ப நாலு தடவ திருப்பி எடு.

திருமங்கலம் அத்தை: நம்பர் பாதி தெரியுது. அடுத்து எஸ், பி, ஆர். அப்புறம் அய்யா பேரு!

மேலூர் சித்தப்பா: எஸ்.பி.ஆர்.னா சாப்பர்க்கா. பாலம், ரோடு போடுற படை. மெட்ராஸ் சாப்பர்ஸா இருந்தா பழைய ரெக்கார்டு கேட்டு பெங்களூருக்குத்தான் எழுதணும், மெட்ராஸ் ரெஜிமென்ட் இருக்கிற நீலகிரி வெலிங்டனுக்கு இல்ல. புக்குல சேர்ந்த தேதி?

திருமங்கலம் அத்தை: மடிப்புல கிழிஞ்சிருக்கு. தேதி போச்சு. மாசம் அக்டோபர், வருசம் 1942.

பேரையூர் அண்ணன்: அப்ப மணிப்பூர் ரோட்டுல ரயில் ஏறினப்ப தாத்தா சிப்பாய் இல்ல அத்தை. அகதியா நடந்து வந்தவரு, அதே தேசத்துக்குத் திரும்பப் போயிருக்காரு.

மேலூர் சித்தப்பா: அக்கா, அந்தக் கிழிசல்ல செலோடேப் ஒட்டாத. ரெண்டு பக்கமும் வெள்ளைத் தாள் வச்சு, துவைச்ச பருத்தித் துணியில சுத்தி வை. ஞாயித்துக்கெழம வர்றேன்.