மான்டரே முதல் சான் சிமியோன் வரை: எங்கே இறங்குவது, எதைத் தாண்டிப் போவது?

மாலதி, சன்னிவேல்

வாசகர் வட்டத்தின் ஒருநாள் பயணத்துக்குச் செந்தில் வகுத்திருக்கும் திட்டத்தைப் பார்த்தேன். காலையில் கலிஃபோர்னியாக் கடற்கரை ஊரான மான்டரேயில் கூடுகிறோம். பிக்ஸ்பி பாலத்தில் சிறிது நேரம், மெக்வே அருவியில் சிறிது நேரம், மதியத்துக்கு மேல் சான் சிமியோனில் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டின் மாளிகை. தலைப்பு "கடலோர வரலாற்றுப் பயணம்". ஒன்று, தலைப்பை மாற்றுங்கள். அல்லது திட்டத்தை மாற்றுங்கள்.

மான்டரேயை விட்டால் பிக்ஸ்பி பாலம் வரை வேன் எங்குமே நிற்பதாக இல்லை. இந்தக் கரையின் பழைய கதை அந்தச் சிறிய தூரத்துக்குள்தான் இருக்கிறது. மான்டரேயின் பெரிய மீன் காட்சியகத்துக்கு அருகில், இன்று ஹாப்கின்ஸ் கடலாய்வு நிலையம் இருக்கும் முனையில், பாயிண்ட் அலோனெஸ் என்ற சீன மீனவர் கிராமம் இருந்தது. பகலில் மற்ற மீனவர்கள் கடலைப் பிடித்துக்கொண்டதால் அவர்கள் இரவில் தீப்பந்தம் கட்டிய படகுகளில் போய்க் கணவாய் பிடித்தார்கள். காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். 1906 மே 16 அன்று அந்தக் கிராமம் எரிந்தது. நிலம் ஒரு ரயில்வே குழுமத்தின் நிறுவனத்துக்குச் சொந்தம். பிழைத்தவர்கள் அங்கே மறுபடி வீடு கட்ட அது இடம் கொடுக்கவில்லை. பசிபிக் குரோவ் நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2022இல்!

கார்மெலைத் தாண்டினால் பாயிண்ட் லோபோஸ் இயற்கைப் பூங்கா. அங்கே வேலர்ஸ் கேபின் என்று ஒரு மரக்குடிசை நிற்கிறது. 1850களில் சீன மீனவர்கள் கட்டியது. அதன் தரைப்பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தால் திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டுகளை முட்டுக்கொடுத்திருப்பது தெரியும். வெளியே கொழுப்பை உருக்கிய பெரிய இரும்புக் கொப்பரைகள் கிடக்கின்றன. முதலில் சீனர்கள், 1860களில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசியத் திமிங்கில வேட்டைக்காரர்கள், 1890களின் இறுதியில் அபலோனி என்ற கடல்நத்தையைப் பிடித்த ஜப்பானிய மூழ்காளர்கள் என்று ஒரே சிறு குடாவில் மூன்று சமூகங்கள் உழைத்திருக்கின்றன. இதை விட்டுவிட்டு ஒரு பத்திரிகை முதலாளியின் நீச்சல் குளத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் வண்டி ஓட்ட வேண்டுமா?

செந்தில், ஃபிரீமான்ட்

மாலதி அக்கா, திட்டத்தைப் போட்டவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஹெர்ஸ்ட் மாளிகையை "முதலாளியின் நீச்சல் குளம்" என்று ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. பணம் ஹெர்ஸ்ட் போட்டார். கட்டியவர் ஜூலியா மார்கன். பெர்க்லியில் சிவில் எஞ்சினியரிங் படித்து, பாரிஸின் எகோல் தே போஸ்-ஆர் கல்லூரியில் கட்டடக்கலை பயின்று சான்றிதழ் பெற்ற முதல் பெண். கலிஃபோர்னியாவில் கட்டடக்கலைஞராக உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவர்தான். ஓக்லண்டில் அவர் கான்கிரீட்டில் எழுப்பிய மில்ஸ் கல்லூரி மணிக்கூண்டு 1906 பூகம்பத்தில் அசையாமல் நின்றது.

1919இல் தொடங்கி 1947 வரை அந்தக் குன்றின்மேல் வேலை நடந்தது. வார இறுதிகளில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இரவு ரயிலில் சான் லூயிஸ் ஒபிஸ்போ வரை வந்து, அங்கிருந்து காரில் போய்த் தளத்தை மேற்பார்த்துவிட்டுத் திரும்புவார். கட்டுமானப் பொருட்கள் கப்பலில் சான் சிமியோன் துறைக்கு வந்து 1,600 அடி உயரத்துக்கு ஏற வேண்டும். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கம் தன் தங்கப்பதக்கத்தை அவருக்கு அளித்தது 2014இல், அவர் இறந்து 57 ஆண்டுகள் கழித்து. அவர் உழைப்பு வரலாறு இல்லையா? அந்தக் குடிசை எனக்கும் பிடிக்கும். ஆனால் கால்மணி நேரத்தில் பார்த்து முடிந்துவிடும் ஓர் அறைக்காக முப்பது பேரை இறக்கி ஏற்றினால் காலைப்பொழுது போய்விடும்.

ஓய்வுபெற்ற பொறியாளர், சான் ஹோசே

இரண்டு பேரும் சாலையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். இந்தக் கரையின் மிகப் பெரிய நினைவுச்சின்னம் அந்தச் சாலைதான்.

1894இல் பாயிண்ட் சர் அருகே லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதியது. கலங்கரை விளக்கம் 1889 முதலே எரிந்துகொண்டிருந்த இடம் அது. மான்டரேயிலிருந்து டாக்டர் ஜான் ராபர்ட்ஸ் குதிரை வண்டியில் கரடுமுரடான தடத்தில் போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்தார். இந்தக் கரைக்குச் சாலை வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடியவர் அவர்தான். 1897இல் சான் லூயிஸ் ஒபிஸ்போ வரை நடந்தே போய் வழியைக் குறித்துக்கொண்டு வந்தார். கார்மெலுக்கும் சான் சிமியோனுக்கும் இடையே சாலை முழுதாகத் திறந்தது 1937இல்.

பிக்ஸ்பி பாலம் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1932 நவம்பரில், திறந்துவிட்டது. நீளம் 714 அடி, ஓடையிலிருந்து உயரம் 260 அடிக்கு மேல், நடு வளைவு மட்டும் 300 அடிக்கு மேல். எஃகா கான்கிரீட்டா என்ற கேள்வி எழுந்தபோது கான்கிரீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். உப்புக் காற்றில் எஃகுக்கு ஓயாமல் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். கான்கிரீட் வேலையில் செலவின் பெரும்பங்கு கூலியாகப் போகும் என்பது இன்னொரு காரணம். அது பெருமந்தக் காலம். வளைவைத் தாங்க ஓடையின் அடியிலிருந்தே மரச்சாரம் எழுப்பினார்கள். 45,000 மூட்டை சிமென்ட்டைக் கம்பியில் தொங்கவிட்டு அனுப்பினார்கள். சென்ட்ரிங் போட்டு வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த இடத்தில் காற்றும் அலையும் என்ன செய்திருக்கும் என்று தெரியும்.

ஒரு வேண்டுகோள். எல்லோரும் நிற்கும் வளைவோரத்தில் முண்டியடித்துப் படம் எடுக்க வேண்டாம். பாலத்தின் வடமுனையில் உள்நாட்டுப் பக்கம் பிரியும் பழைய கடலோர மண்சாலையில் சிறிது தூரம் நடந்தால் கமானைக் கீழிருந்து பார்க்கலாம். பாலம் வருவதற்கு முன் மக்கள் பதினொரு மைல் சுற்றிக்கொண்டு போன தடம் அது. மழைக்காலத்தில் அதுவும் அடைந்துவிடும்.

மாலதி, சன்னிவேல்

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் டாக்டரும் எஞ்சினியர்களும் இருக்கும் அந்தக் கதையில் கைதிகளைக் காணோம். சான் குவென்டின் சிறையிலிருந்து கொண்டுவந்தவர்கள்தான் மலையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நாள் கூலி 35 சென்ட். மலைச்சரிவில் முகாம் போட்டுத் தங்கினார்கள். ஆண்டர்சன் கிரீக்கில் அவர்கள் விட்டுப்போன குடில்களில் பிற்காலத்தில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் வாடகைக்கு இருந்தார்கள். வருகிறவர்களுக்கு அந்தக் கலைஞர்களின் கதைதான் சொல்லப்படுகிறது.

செந்தில், உங்கள் மாளிகையைப் பற்றியும் ஒன்று. ஆசியர்கள் மீதான வெறுப்பைப் பல ஆண்டுகள் ஊதி வளர்த்தவை ஹெர்ஸ்டின் பத்திரிகைகள். பாயிண்ட் அலோனெஸ் மக்களைத் துரத்திய காற்று அங்கிருந்தும் வீசியது. ஒரே பயணத்தில் அந்தக் கிராமம் இருந்த இடத்தில் நிற்காமல் போய், அந்தப் பத்திரிகை லாபத்தில் எழுந்த விருந்து மண்டபத்தை மட்டும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர், சான் ஹோசே

கைதிகளை நான் மறைக்கவில்லை அம்மா. பாலம் ஒப்பந்ததாரர் வேலை, அதனால் அங்கே பேச்சு வரவில்லை. சாலைக்கு வந்தவர்களுக்குக் கூலியோடு தண்டனைக் குறைப்பும் கிடைத்தது. அது நியாயமா என்று தனியாகப் பேசலாம். என் வாதம் அதனால் பலப்படுகிறதே தவிர பலவீனமாகவில்லை: அவர்களுக்கு அந்தச் சாலையைத் தவிர வேறு நினைவுச்சின்னம் ஏது? அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் பாலத்தோரம்தான், குடிசையில் இல்லை.

அருள்மேரி, சலினாஸ்

கார்மெல் மிஷன் என்ற பழைய ஸ்பானியக் கத்தோலிக்க மடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1770இல் மான்டரேயில் தொடங்கி அடுத்த ஆண்டே கார்மெலுக்கு மாறியது. அதை நிறுவிய பாதிரியார் ஹூனிபெரோ செர்ரா 1784இல் அங்கேயே இறந்து பீடத்தருகே அடக்கமானார். கூரை இடிந்து பல காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த கோவிலை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது யாத்திரைத் தலம். 2015இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த சில நாட்களுக்குள் அந்த வளாகத்தில் யாரோ பெயின்ட்டை ஊற்றிச் சிலையைத் தள்ளினார்கள். மனம் மிகவும் நொந்தது. நிறுத்துவதாக இருந்தால் மரியாதையோடு நிறுத்துங்கள், குற்றப்பத்திரிகை வாசிப்பதற்காக வேண்டாம்.

மாலதி, சன்னிவேல்

அருள்மேரி, சிலையைத் தள்ளியதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் செர்ராவின் கல்லறையோடு நின்றுவிடாமல் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்துக்கும் போங்கள். எளிய மண்மேடுகள், ஓரங்களில் பதித்த அபலோனி ஓடுகள். ஓட்டின் உட்புறம் பச்சையும் ஊதாவுமாக மின்னும். அங்கே கிடப்பவர்கள் இந்தக் கரையின் பழங்குடிகளான ரம்சென், எசெலென் மக்கள். ஞானஸ்நானம் பெற்ற பிறகு மிஷனை விட்டுப் போக அவர்களுக்கு உரிமை இல்லை. போனால் படைவீரர்கள் பிடித்து வந்தார்கள், சாட்டையடி விழுந்தது. நோயில் செத்தவர்கள் ஏராளம். இதைச் சொல்வது அவமரியாதை ஆகாது. சொல்லாமல் விடுவதுதான் அந்த ஓடுகளுக்கு அடியில் இருப்பவர்களுக்கு அவமரியாதை.

அருள்மேரி, சலினாஸ்

அந்தத் தோட்டத்தில் நானும் ஜெபித்திருக்கிறேன். அதே மக்களின் வழிவந்தவர்களில் இன்றும் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள், அந்தக் கோவிலில் திருப்பலிக்கு வருகிறார்கள். அவர்களுடைய விசுவாசத்தைச் சாட்டையின் விளைவு என்று மட்டும் சுருக்கிவிட்டால் அவர்களை இரண்டாம் முறை ஊமையாக்குகிறோம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செந்தில், ஃபிரீமான்ட்

எசெலென் மக்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பயணம் என்றால் கண்ணால் காண ஏதாவது வேண்டும். அவர்களுக்கு நிலம் திரும்பக் கிடைத்த செய்தியைப் படித்தேன். அது மலைக்குள் இருக்கிறது, நாம் உள்ளே போக முடியாது. சாலையிலிருந்து பார்க்க முடியாததை எப்படித் திட்டத்தில் சேர்ப்பது?

மாலதி, சன்னிவேல்

பார்க்க முடியும். பிக்ஸ்பியைத் தாண்டிச் சாலை லிட்டில் சர் ஆற்றின் முகத்துக்கு இறங்கும் இடத்தில் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். நீங்கள் கிழக்கே திரும்புங்கள். சுண்ணாம்புப் பாறையால் வெளுத்த உச்சியோடு ஒரு கூம்பு மலை தெரியும். பீகோ பிளாங்கோ, 3,709 அடி. படைப்பு தொடங்கிய இடம் அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. 2020 ஜூலையில் அந்த ஆற்றோரத்தில் 1,199 ஏக்கர் எசெலென் பழங்குடியினருக்குத் திரும்பியது. விலை 45 லட்சம் டாலர், ஏறக்குறைய 250 ஆண்டுகள் நிலமற்றிருந்த பிறகு. உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்தால் போதும்.

கரையோரவாசி, கேம்ப்ரியா

நான் தென்முனையில் இருப்பவன். உங்கள் பட்டியலில் எதைச் சேர்ப்பது என்று பேசுகிறீர்கள். இந்தச் சாலையை இப்படியே தாங்கிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று நான் கேட்கிறேன். 2017 மே மாதம் மட் கிரீக்கில் மலையே சரிந்து கால் மைல் சாலையைப் புதைத்தது. திறக்க 2018 ஜூலை ஆனது, செலவு ஐந்து கோடி டாலருக்கு மேல். 2021இல் ராட் கிரீக்கில் சாலையின் ஒரு துண்டைச் சேறும் மரமும் கடலுக்குள் அடித்துப்போயின. மெக்வே அருவிப் படத்தில் தெரியும் அழகான மணல் கூட 1983 நிலச்சரிவு கொண்டுவந்து கொட்டியதுதான். அதற்கு முன் நீர் நேராகக் கடலில் விழுந்தது. மலை நகரும் நிலத்தில் படம் எடுப்பதற்காக வண்டிகள் மைல் கணக்கில் நிற்கின்றன. சாலை இல்லாத காலத்தில் இந்தக் கரை நன்றாகத்தான் இருந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர், சான் ஹோசே

நன்றாக இருந்ததா? குளிர்காலம் முழுக்க மருத்துவர் இல்லாமல் அடைபட்டுக் கிடந்த குடும்பங்களைக் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டிய வார்த்தை அது. இன்றும் அங்கே பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2017இல் பைஃபர் கன்யான் பாலம் சேதமாகி இடிக்கப்பட்டபோது மறுபக்கத்து மக்கள் காட்டுப்பாதையில் நடந்துபோய்ப் பொருள் வாங்கினார்கள். புதுப் பாலம் அதே அக்டோபரில் திறந்தது, எட்டே மாதத்தில். தாங்கிப்பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் வேன்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றால் உங்களோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

செந்தில், ஃபிரீமான்ட்

முடிவைச் சொல்லிவிடுகிறேன். மாளிகை நுழைவுக்கு முன்பதிவு செய்தாகிவிட்டது. வேன் அங்கே போகும். பொறியாளர் ஐயா சொன்னபடி பிக்ஸ்பியில் பழைய மண்சாலையில் இறங்குகிறோம், கைதிகளைப் பற்றி அவரே பேச வேண்டும். லிட்டில் சரில் மாலதி அக்கா சொன்ன இடத்தில் நிறுத்துகிறோம். ஹெர்ஸ்ட் பத்திரிகைகள் என்ன எழுதின என்பதை அந்த மாளிகை வாசலிலேயே சொல்லுவோம். அதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பாயிண்ட் லோபோஸைச் சேர்த்தால் முன்பதிவு நேரம் தவறிவிடும், சேர்க்க முடியாது.

மாலதி, சன்னிவேல்

அப்படியானால் நான் வேனில் வரவில்லை. வாசலில் நின்று இரண்டு நிமிடம் சொல்வதும், அந்தத் தரைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதும் எனக்கு ஒன்றில்லை. பாயிண்ட் லோபோஸில் 1859இல் பிறந்த குவாக் முய் என்ற சீனப் பெண் ஐந்து மொழி பேசியவர். அவர் கதையை அவர் பிறந்த குடாவில்தான் சொல்வேன். பாயிண்ட் லோபோஸ் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது, வாகன நிறுத்தம் சீக்கிரம் நிறைந்துவிடும். முதலில் பாயிண்ட் அலோனெஸ் முனை, பிறகு குடிசை, மதியம் மிஷனின் கல்லறைத் தோட்டம். என் காரில் மூன்று இடங்கள் இருக்கின்றன. அருள்மேரி, உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். தோட்டத்தில் நின்று மீதியை வாதாடலாம்.

அருள்மேரி, சலினாஸ்

வருகிறேன். திருப்பலி முடிந்த பிறகுதான் வாதம்.