புதுப்பிப்பு: மெயின் ரோட்டு நடைபாதை, எந்த யோசனை பலித்தது

எங்கள் மெயின் ரோட்டில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இடமில்லை, யாரிடம் எப்படிக் கேட்பது என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, "முதலில் டேப் எடுத்து அளந்து பாருங்கள், மனு அப்புறம்" என்ற யோசனைதான். நடைபாதை உயரம் 28 செ.மீ. இருந்தது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டிப்படி (ஐஆர்சி 103) 15 செ.மீ.க்கு மேல் கூடாது; தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். அளவுகளோடு ஒரு படத்தையும் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்தோம். ஒரு பாட்டி விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கீழே தொங்கவிட்டுத் தரையைத் தேடும் படம். அதைப் பார்த்த பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

நான்கு மாதத்தில் உயரத்தைக் குறைத்து, முனைகளில் சரிவும் வைத்தார்கள். எதிர்பாராதது, அந்தச் சரிவில் பைக்குகள் ஏற ஆரம்பித்தன. சரி என்று குட்டைத் தூண்கள் நட்டால், சக்கர நாற்காலி நுழையவில்லை. மறுபடி அளந்து கொடுத்து இடைவெளியை மாற்ற வைத்தோம். தூண் நடும் முன்பே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

சைக்கிளுக்கு வெள்ளைக் கோடு மட்டும் விழுந்திருக்கிறது. அதன்மேல் கார்கள் நிற்கின்றன. இந்த ஞாயிறு அதை அளக்கப் போகிறோம்.