கற்பவரின் முகம் தெரியும் ஓவியங்கள் வேண்டும்

வணக்கம். கற்பித்தலையும் கற்றலையும் காலந்தோறும் எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று ஒரு சிறு படத்தொகுப்பு தயாரிக்கிறேன். உங்கள் உதவி தேவை.

இதுவரை சேர்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 14ஆம் நூற்றாண்டில் லாரென்டியஸ் தெ வோல்டோலினா வரைந்த பல்கலைக்கழக வகுப்பு. ஆசிரியர் உயரமான மேடையில் இருக்கிறார். முன்வரிசையில் புத்தகமும் கையுமாகக் கவனிக்கிறார்கள். பின்வரிசையில் அரட்டை, ஒருவர் மேசையில் சாய்ந்து தூங்கியே விட்டார். 600 ஆண்டுகளுக்கு மேலாகியும் வகுப்பறை மாறவில்லையே என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், பெர்லினில் உள்ள, தூரிஸ் என்ற ஓவியர் பள்ளிக் காட்சி வரைந்த கிரேக்கக் கிண்ணம், சுமார் 2,500 ஆண்டுகள் பழையது: யாழ், ஏட்டுச்சுருள், எழுதுபலகை எல்லாம் அந்தக் காட்சியில் உண்டு. டச்சு ஓவியர் யான் ஸ்டீன் 1670 வாக்கில் வரைந்த பள்ளியில் பிள்ளைகள் ரகளை செய்ய, ஆசிரியர் இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் பெரும்பாலான படங்களில் ஆசிரியர்தான் மையம். பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் 1730களில் வரைந்த ஒன்று வேறு மாதிரி: சற்றே பெரிய பெண் ஒரு குழந்தைக்கு எழுத்தைச் சுட்டிக்காட்டுகிறாள், குழந்தையின் விரலும் அதே பக்கத்தில். இப்படிப்பட்டவைதான் வேண்டும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது, பெண்கள் படிப்பது, பட்டறையில் தொழில் பழகுவது, வயதானவர் எழுத்துப் பழகுவது. சிற்பம், சுவடிப் படம், பழைய புகைப்படம் எதுவானாலும் சரி. காலமும் இருக்கும் இடமும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவி.