மறு: அவசரகாலப் பணமா, ஊர்த்தாளா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது ஊர்ச்சபைகள் அச்சிட்டு விட்ட சிறுதொகைத் தாள்களுக்கு நம் தமிழ்ச் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. 'அவசரகாலப் பணம்' என்றே அழைக்கலாம் என மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் இருக்கிற எனக்கு அது சரியாகப் படவில்லை. 'அவசரகாலம்' என்றதும் எங்கள் காதில் விழுவது அவசரகாலச் சட்டம்தான்: சோதனைச் சாவடி, அடையாள அட்டை, ஊரடங்கு. அது அரசின் பிடி இறுகிய காலம். இந்தத் தாள்கள் பிறந்ததோ அரசின் கை எட்டாத இடங்களில். இங்கே வெள்ளவத்தையில் ஒருவர் இந்தச் சொல்லை வாசித்தால், ஏதோ ஒழுங்குவிதியின் கீழ் அரசு வெளியிட்ட பணம் என்றே எடுத்துக்கொள்வார்.

1936 ஜூலையில் போர் தொடங்கியதும் சனங்கள் வெள்ளிப் பெசெத்தாக்களை (பெசெத்தா அன்றைய ஸ்பானியப் பணம், அதில் நூறில் ஒரு பங்கு சென்திமோ) ஒளித்து வைத்தார்கள். எந்த அரசு வந்தாலும் வெள்ளிக்கு மதிப்பு இருக்கும். சந்தையில் சில்லறை அருகிப்போனது. பாண் வாங்கப் பெரிய தாளை நீட்டினால் மிச்சக்காசு கொடுக்க வழியில்லை. எங்களுக்கும் மிச்சத்துக்கு டொஃபி தருகிறார்கள், பஸ் நடத்துநர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதித் தருகிறார். ஆனால் அன்றாடக் கூலியும் சந்தையும் மாதக்கணக்கில் அப்படி ஓட முடியுமா? ஸ்பெயினின் கட்டலோனியாவிலும், கிளர்ச்சிப் படையை எதிர்த்த குடியரசு அரசின் பக்கம் நின்ற மற்றப் பகுதிகளிலும் ஊர்ச்சபைகளே 1 பெசெத்தா, 50 சென்திமோ, 25 சென்திமோ என்று தாள் அடித்தன. சில ஊர்களில் அது வெறும் மட்டைத்துண்டு. சொந்த ஊரில் அதற்குப் பாண் கிடைக்கும், அடுத்த ஊரில் அது கடதாசி. 1937இல் குடியரசு தானே சிறுதொகைத் தாள்களை வெளியிட்டது. 1938 ஜனவரியில் ஊர்ச்சபைத் தாள்களைத் திரும்பப் பெறுமாறு ஆணையிட்டது.

ஆகவே சொல்லுக்குள் வரவேண்டியவை இரண்டு: கொடுத்தது ஊர், செல்லுவதும் அந்த ஊருக்குள்தான். 'ஊர்த்தாள்' என்றால் இரண்டும் வந்துவிடும். 'நாணயத்தாள்' மத்திய வங்கியின் சொல், 'தாள்காசு' வீட்டுப் பேச்சு. அதனால் 'தாள்' யாருக்கும் விளங்கும். 'ஊர்ச்சீட்டு' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இங்கே சீட்டு என்றால் மாதச் சீட்டுப் பிடிப்பது என்றே நினைப்பார்கள்.

இலங்கையிலும் 1942இல் சதத்தில் (ரூபாயில் நூறில் ஒரு பங்கு) தாள்கள் வந்தன. 5 சதத் தாளின் நடுவில் துளைக்கோடு இருக்கும், அதை 2 சதமாகவும் 3 சதமாகவும் கிழிக்கலாம். அதைக் கையில் வைத்துப் பார்த்தால் சில்லறைக்கு எவ்வளவு முட்டுப்பட்டிருப்பார்கள் என்று தெரியும். ஆனால் அது அரசு வெளியிட்டது, தீவு முழுக்கச் சென்றது. அதற்கு 'சில்லறைத்தாள்' போதும்.

*

அக்கா, 'ஊர்த்தாள்' எனக்கும் சரி. ஆனால் அதே போரில் கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கொடுத்த தாள்களை என்ன செய்வது? அட்டை வில்லையில் தபால் முத்திரை ஒட்டிய காசும் இருந்ததே?

*

நல்ல கேள்வி தம்பி. சங்கம் கொடுத்ததை ஊர்த்தாள் என்றால் பிழை. அதைச் 'சங்கத்தாள்' என்போம். கொடுத்தவர் பெயரை முன்னே வைத்தால் இந்தக் குடும்பம் முழுக்க ஒரே அச்சில் வந்துவிடும். கட்டலோனிய அரசும் பாஸ்க் அரசும் வெளியிட்டவை 'பிராந்தியத்தாள்'. முத்திரை ஒட்டிய வில்லைகள் 1938இல், ஊர்த்தாளை நிறுத்தியபின், குடியரசே விட்டவை. அதில் தாளும் இல்லை, ஊரும் இல்லை. 'முத்திரைவில்லை' என்று தனியே வைப்போம்.

சொற்பட்டியலைக் கவனித்துக்கொள்கிறவர்கள் 'அவசரகாலப் பணம்' என்ற இடத்தில் 'ஊர்த்தாள் காண்க' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பழைய சொல்லோடு தேடி வருகிறவரும் வந்து சேரட்டும்.