மெட்ஃபார்மின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்து என்ன?

அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 8.2, இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 74. மெட்ஃபார்மின் 500 சாதா மாத்திரையில் வயிற்றுப்போக்கு நிற்காததால், மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகைக்கு மாற்றியாயிற்று. இரவுச் சாப்பாட்டோடு ஒன்று, பிறகு வாரம் 500 மி.கி. கூட்டல். (எஸ்ஆரை உடைத்தோ மென்றோ விழுங்கினால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும்; மாற்றியதே வீண்.) நாளுக்கு 1000 மி.கி.-ஐத் தாண்டினால் மறுபடி அதே தொல்லை.

1000-இல் நிறுத்தி, கூடவே சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை 100 மி.கி. சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா? வயிறு அடங்கியதா? மற்ற சர்க்கரை மாத்திரைகளில், கிளிமிபிரைடு என்றால் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் லோ சுகர். டபாகிளிஃப்ளோசினில் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று. இரண்டுக்கும் தயக்கம்.

பதிலில் அளவு, எத்தனை வாரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதையும் எழுதுங்கள். டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம் போகிறோம், அவரிடம் கேட்கத்தான்.