நோன்புக்கு முந்தைய வாரத்தில் சுட்ட பான்கேக்: உங்கள் அனுபவம் என்ன?

குர்ஸ்க், ரஷ்யா

மருத்துவம் படித்தபோது ஹாஸ்டல் சரிப்படாமல் ஒரு பாட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்புக்கு முந்தைய வாரம் அங்கே மாஸ்லெனிட்சா என்கிற திருவிழா. அந்த ஏழு நாளும் பாட்டி அடுப்படியை விட்டு நகரவே மாட்டார். எல்லாம் ப்ளினி, ப்ளினி, ப்ளினிதான், அதாவது அவர்கள் ஊர் மெல்லிய பான்கேக்.

அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, 200 கிராம் மைதா, சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய். கட்டி தட்டாமல் அடித்து அரைமணி நேரம் மூடி வைப்பார். மாவு மோர் மாதிரி ஓடும். அந்தக் காலத்தில் பக்வீட் என்கிற தானிய மாவில் ஈஸ்ட் போட்டுப் பொங்கவிட்டுத்தான் சுடுவார்களாம், அதற்கெல்லாம் இப்போது யாருக்குப் பொறுமை?

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டு, இரும்புச் சட்டியில் தேய்த்தார். தூத்துக்குடியில் அம்மா தோசைக்கல்லில் செய்வது அச்சு அசலாக அதுதான்! ஆனால் மாவை ஊற்றியதும் நம் கை கரண்டியைத் தேடும். அங்கே தேய்ப்பதே இல்லை. சட்டியைத் தூக்கி மணிக்கட்டால் ஒரு சுழற்று, மாவு தானே ஓரம்வரை பரவிவிடும். ஓரம் பழுப்பேறி மேலே எழும்பினால் திருப்பலாம். எடுத்த சூட்டிலேயே வெண்ணெய் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். முதல் ப்ளின் கட்டியாகத்தான் வரும் என்று அவர்களுக்கு ஒரு பழமொழியே உண்டு, அதனால் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

ஸ்மெத்தானா என்கிற புளித்த கிரீம், தேன், ஜாம், காசு இருந்தால் மீன் முட்டை, எதுவும் தொட்டுக்கொள்ளலாம். என் ஓட்டு கண்டென்ஸ்டு மில்க்குக்கு. கொத்துக்கறி வைத்துச் சுருட்டலாமா என்று கேட்டேன், பாட்டி முறைத்தார். இறைச்சியை அதற்கு முந்தைய ஞாயிறோடு நிறுத்திவிட வேண்டும். இந்த வாரம் பால், வெண்ணெய், முட்டை, மீன் வரை சரி. பிறகு நோன்பில் அதுவும் கிடையாது. கடையில் கறி வைத்த ப்ளினி தாராளமாகக் கிடைத்தது, அது வேறு விஷயம். நம்மைப் போலத் திருநீற்றுப் புதனும் அங்கே இல்லை, திங்கட்கிழமையே நோன்பு தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாமியாருக்கு மருமகன் வீட்டில் விருந்து என்று ஒரு வழக்கம். நம்மூர் மருமகன்கள் குறித்துக்கொள்ளவும்.

ஞாயிறு மாலை வைக்கோல் பொம்மையைக் கொளுத்தி முடித்துவிட்டு வந்து பாட்டி என்னிடம், “என்னை மன்னித்துவிடு” என்றார். அன்று எல்லோரும் எல்லோரிடமும் கேட்பது அது. “கடவுள் மன்னிப்பார்” என்று பதில் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரியாமல், “ஐயோ பாட்டி, நீங்க என்ன செஞ்சீங்க?” என்று பதறினேன்.

மில்டன் கீன்ஸ், இங்கிலாந்து

எங்கள் பக்கம் ஒரே நாள்தான், திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாளான ஷ்ரோவ் செவ்வாய். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தூவிச் சுருட்டினால் முடிந்தது. ஆனால் பக்கத்து ஊர் ஓல்னியில் பெண்கள் ஏப்ரன் கட்டி, தலையில் துணி கட்டி, கையில் பான்கேக் உள்ள சட்டியோடு 415 கஜம் ஓடுவார்கள். 1445இலிருந்து நடக்கிறது என்று ஊரார் சொல்கிறார்கள். ஓடி முடித்ததும் நேரே கோயிலில் ஆராதனை. 1950 முதல் அமெரிக்காவில் கான்சாஸின் லிபரல் நகரமும் அதே நாளில் ஓடி, யாருடைய நேரம் குறைவு என்று ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். பார்க்கப் போனால் குடையை மறக்காதீர்கள்.

ஒரு சந்தேகம் குர்ஸ்க் அண்ணனிடம்: நோன்பு தொடங்கிவிட்டால் ப்ளினியே கிடையாதா?

குர்ஸ்க்

உண்டு தங்கச்சி! பால், முட்டை இரண்டையும் விட்டுவிட்டு, கேஸ் உள்ள மினரல் வாட்டரில் மாவைக் கரைப்பார்கள். அந்தக் குமிழியில் ஓட்டை ஓட்டையாக, மெத்தென்று வரும். வெண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய், தொட்டுக்கொள்ளத் தேனோ ஜாமோ. எனக்கென்னவோ பாட்டியின் கையில் அதுதான் இன்னும் ருசி.