தத்தெடுத்த நாயோட கார்டு வேற நாயோடது மாதிரி இருக்கு, என்ன செய்யறது?

கன்னங்குறிச்சி செம்பி வீடு

வணக்கம்ங்க. தீபாவளி முடிஞ்ச கையோட சேலத்துல ஒரு காப்பகத்துல இருந்து நாட்டு நாய் ஒன்னைத் தத்தெடுத்தோம். பொட்டை, செவலை நிறம், முன்னங்கால் ரெண்டும் வெள்ளை. செம்பின்னு பேர் வெச்சிருக்கோம். கூட ஒரு மஞ்சள் கார்டு குடுத்தாங்க. வயசு ரெண்டரை, கருத்தடை ஆச்சு, ரேபிஸ் ஊசி போட்டாச்சு, உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை முடிஞ்சதுன்னு அதுல எழுதியிருக்கு.

இந்த வாரம் அவளுக்கு ரத்தம் படுது. விடியறதுக்குள்ள தெரு ஆண் நாய்ங்க கேட்டு முன்னாடி வந்து படுத்துக்குது. என் மாமியார் ஓமலூர்ப் பக்கம் ஆடு, மாடு, நாய்னு வளர்த்துப் பழகினவங்க. பார்த்த உடனே சொல்லிட்டாங்க, "இது பருவத்துக்கு வந்த நாய் கண்ணு, இதுக்கு எவனும் கத்தி வெக்கல"ன்னு. வயித்தைத் தடவிப் பார்த்தேன், விலாவையும் பார்த்தேன், தையல் தடமே இல்ல. காதுலயும் வெட்டு இல்ல.

காப்பகத்துக்கு நேர்லயே போனேன். ரெஜிஸ்டரைக் காட்டினாங்க. அடுத்தடுத்த பக்கத்துல ரெண்டு நாய். ரெண்டும் செவலை, ரெண்டும் பொட்டை, ரெண்டுக்கும் முன்னங்கால் வெள்ளை. ஒன்னுக்கு டோக்கன் 11, இன்னொன்னுக்கு 17. என் கார்டுல இருக்கறது 11. எழுதினவரோட கையெழுத்துல ஒன்னுக்கும் ஏழுக்கும் வித்தியாசமே தெரியல. ரெண்டு நாயும் ஒரே வாரத்துல வேற வேற வீட்டுக்குப் போயிருக்கு. "சரி விடுங்கம்மா, 17ன்னு மாத்திக்கலாம்"னு பொறுப்பாளர் பேனாவை எடுத்தார். நான் கார்டைக் கையில குடுக்கல.

அந்த 17ஆம் பக்கத்துல ஊசி, ஆபரேஷன் எல்லா இடமும் காலியா கிடக்கு. அதாவது என் வீட்டு நாய்க்கு எதுவுமே போடலைன்னுதான் அர்த்தம். ஞாயித்துக்கிழமை விளையாடும்போது அவ நகம் பட்டு என் பையன் (ரெண்டாம் வகுப்பு) முழங்கையில கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. சோப்பு போட்டுக் கழுவிட்டோம். வீட்ல எல்லாரும் "கார்டுல ஊசின்னு இருக்கே, எதுக்குப் பயப்படறே"ன்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல.

இன்னொரு கவலை. இன்னொரு வீட்டுக்குப் போன நாயோட நிலைமை என்ன? அவங்க நம்பர் கேட்டேன், தர முடியாதுன்னுட்டாங்க.

ஆத்தூர் நர்ஸ் அக்கா

தங்கச்சி, நாய் விஷயத்தை மத்தவங்க சொல்வாங்க. பையனை இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. ராத்திரி ஆனாலும் பரவால்ல.

நகக் கீறல்ல ரத்தம் வந்திருந்தா அது மூணாம் வகைக் காயம், அதாவது ஆபத்து அதிகமான வகை. தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கற தயார் எதிர்ப்புப் புரதம்) காயத்தைச் சுத்திப் போடணும். தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம். இம்யூனோகுளோபுலின் அங்க இல்லைன்னு சொன்னா சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு, அதான் மோகன் குமாரமங்கலம் மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கு நேரா போயிடுங்க. தோலுக்குள்ள போடற ஊசின்னா முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள்னு வரும். சீட்டைப் பத்திரமா வெச்சுக்கங்க.

காயத்தைக் கழுவினது ரொம்ப நல்லது. ஓடற தண்ணியில சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவணும், இனிமே எப்ப ஆனாலும். செம்பியைக் கட்டி வெச்சு 10 நாள் கவனிங்க. அதுக்குள்ள சாப்பாடு, நடை, குரல் எதுலயாவது மாற்றம் தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். அவ நல்லா இருந்தா மிச்ச ஊசியை என்ன செய்யறதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. ஆனா 10 நாள் பார்த்துட்டு அப்புறம் ஊசி போட்டுக்கலாம்னு மட்டும் காத்திருக்காதீங்க. ரேபிஸ் வந்த பிறகு காப்பாத்த வழியே இல்ல. மத்தவங்க கார்டை நம்பட்டும், நீங்க குழந்தையைப் பாருங்க.

நாகலூர் கால்நடை

ஏற்காட்டுல கால்நடை ஆய்வாளரா இருந்து ஓய்வு பெற்றவன்மா நான். எஸ்டேட் லைன் வீடுகள்ல நாய்களுக்கு ஊசி போடறதுலயே என் சர்வீஸ்ல பாதி போச்சு. ரெண்டு மூணு விஷயம் சொல்றேன்.

கார்டும் நாயும் முரண்பட்டா நாய் சொல்றதுதான் உண்மை. கருத்தடை ஆன நாய்க்கும் ரத்தம் வரலாம், சூலகத்துல ஒரு துண்டு உள்ளே தங்கிப் போனா அப்படி ஆகும். ஆனா அதுக்கும் தையல் தடம் இருக்கணும். தடம் விலாவுல இருக்கலாம், நடுவயித்துல இருக்கலாம். முடியை விலக்கி, தோலை இழுத்துப் பிடிச்சுப் பார்க்கணும். பழைய தடம் நூல் மாதிரி மெலிசாத்தான் தெரியும். டாக்டர் முடியைச் சிரைச்சுட்டே பார்த்துச் சொல்லுவார். காதுல வெட்டு இல்லைங்கறதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. தெருவுல திருப்பி விடற நாய்க்குத்தான் அடையாளத்துக்குக் காதை வெட்டுவாங்க, வீட்டுக்குப் போற நாய்க்கு வெட்டாமலும் விடுவாங்க. பல்லையும் காட்டுங்க. பல்லு வெள்ளையா, முனை தேயாம இருந்தா ரெண்டரை வயசுங்கறதும் சந்தேகம்தான். முதல் பருவம் பெரும்பாலும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வரும்.

ரேபிஸ் ஊசியை மறுபடி போடுங்க. ஏற்கெனவே போட்டிருந்தாலும் இன்னொன்னு போடறதால கெடுதல் இல்ல, போடாம விட்டாத்தான் ஆபத்து. ஆனா அந்த 10 நாள் கவனிப்பு முடிஞ்ச பிறகு போடுங்க. ஊசி பாட்டில்ல உரிச்சு ஒட்டற சின்ன லேபிள் ஒன்னு இருக்கும். அதுல பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சடிச்சிருக்கும். உங்க மஞ்சள் கார்டுல அது ஒட்டியிருக்கா, இல்ல வெறும் கையெழுத்தா? லேபிள் இல்லாத பதிவை எந்த டாக்டரும் முழுசா நம்ப மாட்டார். புதுக் கார்டுல லேபிளோட டாக்டர் கையெழுத்து, அவர் பதிவு எண், தேதி எல்லாம் கேட்டு வாங்குங்க.

உண்ணிக் காய்ச்சலை எல்லாரும் மறந்துடுவாங்க, அதனால அழுத்திச் சொல்றேன். அதுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை வழக்கமா 28 நாள் குடுப்பாங்க. "முடிஞ்சது"ன்னு எழுதியிருக்கறது அந்த 11ஆம் நம்பர் நாய்க்கு. செம்பிக்கு அந்தக் காய்ச்சல் இருந்துச்சா இல்லையான்னே யாரும் பார்க்கல. ரத்தம் எடுத்து தட்டணு (ரத்தத்தை உறைய வெக்கற அணு, பிளேட்லெட்) எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்க. மூக்குல ரத்தம், ஈறு வெளுப்பு, சோர்வுன்னு எதுவும் தெரியலைன்னாலும் பார்க்கணும், ஏன்னா சில நாய்ல அது மாசக்கணக்கா உள்ளேயே பதுங்கி இருக்கும்.

இப்ப உடனே ஆபரேஷனுக்குக் கொண்டு போகாதீங்க. பருவத்துல கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம். ரத்தம் நின்னு ரெண்டு மாசம் கழிச்சுச் செய்யலாம். அதுவரைக்கும் மூணு வாரமாவது கேட்டைத் தாண்ட விடாதீங்க. மொட்டை மாடியையும் சேர்த்துத்தான் சொல்றேன், நாட்டு ஆண் நாய் சுவர் ஏறி வரும். சேர்ந்துட்டா 63 நாள்ல குட்டி. உள்ளூர்ல திருப்தி இல்லைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்க, தலைவாசல்லயும் இப்ப கல்லூரி இருக்கு. தோலுக்கடியில வெக்கற அடையாள மைக்ரோசிப்பும் போட்டுடுங்க. 15 இலக்க எண், ஸ்கேனர்ல படிக்கறது, கையெழுத்துக் குழப்பத்துக்கு அதுல இடமே கிடையாது.

அம்மாப்பேட்டை தன்னார்வலர்

அக்கா, நான் வேற ஒரு காப்பகத்துல வாராவாரம் உதவிக்குப் போறவன். இந்தத் தப்பு எங்க நடக்குதுன்னு எனக்குத் தெரியும். குளிப்பாட்டும்போது கழுத்துப் பட்டையைக் கழட்டி ஒரு ஆணியில மாட்டுவாங்க. ஒரே நிறத்துல நாலு நாய் நின்னா, திரும்பப் போடறப்ப பட்டை மாறிடும். அதனால கையெழுத்து மட்டும்தான் காரணம்னு வெச்சுக்காதீங்க. 11, 17 ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கங்க. சேர்த்த அன்னைக்கு எடுத்த படம் அவங்க போன்லயே இருக்கும், அதைக் கேளுங்க. வெள்ளைக் கால் எதுவரைக்கும், மூக்குல புள்ளி இருக்கா, வால் நுனி எப்படின்னு ஒப்பிட்டா எது எதுன்னு தெளிவாயிடும்.

கார்டைக் குடுக்காதது நல்ல காரியம். திருத்தணும்னா பழைய எழுத்து படிக்கறமாதிரி ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல தேதியும் கையெழுத்தும் போடணும். மேலேயே எழுதறதுக்கோ வெள்ளை மை வெக்கறதுக்கோ சம்மதிக்காதீங்க.

அந்த இன்னொரு நாய்க்குத்தான் எனக்கும் மனசு அடிச்சுக்குது. அவங்க கையில இருக்கற கார்டு காலி. பொறுப்பான குடும்பம்னா கருத்தடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஏற்கெனவே ஆபரேஷன் ஆன நாயை மயக்கி, வயித்தைத் திறந்து, இல்லாத கர்ப்பப்பையைத் தேடுவாங்க. அதனால நம்பர் கேக்காதீங்க, உங்க நம்பரை எழுதிக் குடுங்க. "இந்தக் கடிதத்தை அந்தக் குடும்பத்துக்கு அனுப்புங்க, அனுப்பிட்டோம்னு எனக்குப் பதில் குடுங்க"ன்னு கேளுங்க. அவங்க விவரமும் வெளியே போகாது, காப்பகத்துக்கும் மறுக்கக் காரணம் இருக்காது.

கன்னங்குறிச்சி செம்பி வீடு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நர்ஸ் அக்கா, பையனுக்கு நேத்தே பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு ஊசியும் போட்டாச்சு. காயத்துல குத்தினப்ப அழுதான், இப்ப சரியாயிட்டான். அடுத்த தேதி சீட்டுல இருக்கு.

ஐயா, கார்டுல லேபிள் இருக்கு. ஆனா செம்பியை டாக்டர் சிரைச்சுப் பார்த்துட்டார், தடம் எதுவும் இல்ல, வயசு ஒன்னு இருந்தாலே அதிகம்னு சொன்னார். அப்ப அந்த லேபிள் 11ஆம் நம்பரோடது. ரத்தம் எடுத்திருக்காங்க, ரிப்போர்ட் வரல. ரேபிஸ் ஊசி நீங்க சொன்ன மாதிரி 10 நாள் கழிச்சுத்தான்னு அவரும் சொல்லிட்டார்.

தம்பி சொன்ன மாதிரி கடிதம் எழுதிக் குடுத்தேன். சாயங்காலமே அந்த வீட்டு அம்மா கூப்பிட்டாங்க. அயோத்தியாப்பட்டணம். அவங்க நாய்க்கு வர்ற வெள்ளிக்கிழமை கருத்தடைக்குத் தேதி வாங்கியிருந்தாங்களாம், நிறுத்தச் சொல்லிட்டேன். அவங்க டாக்டரும் முதல்ல தடம் பார்க்கட்டும். லேபிள் இருக்கற பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். சனிக்கிழமை ரெண்டு குடும்பமும் ரெண்டு நாயையும் கூட்டிட்டுக் காப்பகத்துக்குப் போறோம், ரெஜிஸ்டரை எங்க கண்ணு முன்னாடி திருத்தணும்னு. செம்பி காட்டன் துணியில ஒரு ஜட்டி கட்டிக்கிட்டு வருவா, பக்கத்துல எந்த நாயையும் விடாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லி வெச்சிருக்கேன்.